பாயின் நிறத்துக்கு ஒன்பது வினாடி

எங்கள் படகுக் கழகத்தின் ரேட்டிங் குழுவினருக்கு,

வணக்கம். என் படகின் பந்தயச் சலுகையில் ஒன்பது வினாடியை நீங்கள் குறைத்ததைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்க மனுவாக ஏற்கனவே உங்களிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வரியில் பதில் வந்தது. இப்போது தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதன்கிழமை மாலைகளில் ஏரிக்கரைக்கு வந்து எங்கள் பந்தயத்தைப் பார்க்கும் ரொறன்ரோத் தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: "அந்தச் சின்னப் படகு உங்களுக்குப் பின்னால்தானே வந்தது? பிறகு எப்படி அது வென்றது?" அவர்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என் படகிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலில் கரையில் நிற்பவர்களுக்கு. எங்கள் பந்தயத்தில் 24 அடிப் படகும் 40 அடிப் படகும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன. நீளமான படகு வேகமாக ஓடும்; அதில் ஓட்டுபவரின் பெருமை எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் உண்டு. வட அமெரிக்கக் கழகங்களில் பெருவழக்காக உள்ள பி.எச்.ஆர்.எஃப். முறையில் அந்த எண், ஒரு கடல் மைலுக்கு இத்தனை வினாடிச் சலுகை என்று சொல்கிறது. எண் சிறிதானால் படகு வேகமானது. 120 எண் உள்ள படகும் 189 எண் உள்ள படகும் ஐந்து மைல் ஓடினால், பின்னது 345 வினாடி, அதாவது ஐந்தே முக்கால் நிமிடம் பிந்தி வந்தாலும் இரண்டும் சமம். கோட்டைக் கடந்த வரிசை ஒன்று, வெற்றி வரிசை வேறொன்று என்பது இப்படித்தான்.

நம் கழகத்தில் அந்த எண்ணைப் போடுவது இயந்திரம் அல்ல. வேறு முறைகளும் உண்டு. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிறந்த ஐ.ஆர்.சி. முறையில் படகையும் பாயையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போடுகிறார்கள், சூத்திரம் ரகசியம். ஓ.ஆர்.சி. முறையில் கணினி ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் படகின் ஓட்டத்தைக் கணிக்கிறது; சூத்திரம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்கிய நமது முறையில் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வகைப் படகு இதுவரை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்து எண் போடுகிறார்கள். செலவு குறைவு, பழைய படகுகளுக்கும் இடம் உண்டு. எனக்கு இந்த முறை பிடிக்கும். ஊர்ப் பஞ்சாயத்துப் போல, ஆட்கள் ஒழுங்காக இருந்தால் இதைவிட நல்லது வேறில்லை.

இனி உங்களுக்கு.

என் படகு 1970-களில் இந்த ஒன்ராறியோவிலேயே வார்க்கப்பட்ட 27 அடி ஃபைபர்கிளாஸ் படகு. எண் 189. கடந்த ஆண்டு மே மாதம் புதிய பாய்கள் இரண்டு வந்தன. ஜூன் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது: புதிய "செயல்திறன் பாய்கள்" காரணமாக ஒன்பது வினாடி குறைக்கப்பட்டு, இனி என் எண் 180. யாரும் என் படகுக்கு வரவில்லை, பாயை விரித்துப் பார்க்கவில்லை, என்னிடம் ஓர் அளவுகூடக் கேட்கவில்லை. குழுவில் ஒருவர் பிறகு மதுச்சாலைப் படிக்கட்டில் நின்று சொன்னதைத்தான் விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: "கறுப்புப் பாய், சதுரத் தலை, தொடர்ந்து இரண்டு வெற்றி. வேறென்ன வேண்டும்?"

வேண்டியது ஒரு டேப்.

பழைய முன்பாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் குற்றவாளி நான்தான். படகை வாங்கியபோது அதனுடன் ஒரு பெரிய வெள்ளை ஜெனோவா, அதாவது பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் முன்பாய், வந்தது. முந்தைய உரிமையாளர் அதை எங்கோ பழையதாக வாங்கியிருந்தார். கழகத்தின் படிவத்தில் அவர் 150 சதவீதம் என்று எழுதியிருந்தார். நானும் ஆண்டுதோறும் அதையே பார்த்து எழுதிக் கையெழுத்திட்டேன். கரையில் இருப்பவர்களுக்கு: பாய்மரத்தின் அடியிலிருந்து, அதை முன்னாலிருந்து பிடித்து நிறுத்தும் முன்கம்பி வரையுள்ள தூரத்தை ஜே என்கிறோம். முன்பாயின் பின்மூலையிலிருந்து அதன் முன்விளிம்புக்குச் செங்குத்தாக அளந்தால் வரும் நீளம் ஜேயில் எத்தனை சதவீதம் என்பதே அந்தப் பாயின் அளவு. பெரும்பாலான இடங்களில் 150 அல்லது 155 வரை அடிப்படை எண்ணிலேயே அடங்கிவிடும். மேலே போனால் எண் குறையும்.

புதிய பாய்க்காகப் போனபோது, பாய் தைப்பவர் மாதிரிக்குப் பழையதைக் கொண்டுவரச் சொன்னார். தன் கூடத்தின் மரத்தரையில் அதை விரித்தார். காலணியைக் கழற்றிவிட்டு முழங்காலில் ஊர்ந்துபோய் டேப்பைப் பின்மூலை வளையத்தில் மாட்டினார். மறுமுனையை நான் முன்விளிம்பில் வைத்து மேலும் கீழும் நகர்த்தினேன். எங்கே நீளம் மிகக் குறைகிறதோ அதுதான் செங்குத்து. 5.53 மீட்டர். என் படகின் ஜே 3.50. அவர் கைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது எந்தப் படகின் பாய்?" என்றார். 158 சதவீதம். எத்தனையோ ஆண்டுகளாக எட்டு சதவீதம் அதிகமான பாயுடன் ஓடியிருக்கிறேன். அந்தப் பாயோடுதான் மூன்று ஆண்டுகளுக்கு முன் புதன் தொடரின் மரக்கேடயத்தை வாங்கினேன். அப்போது யாரும் ஒரு வினாடிகூடக் குறைக்கவில்லை. பாய் வெள்ளையாக இருந்தது, அங்கங்கே ஒட்டுப் போட்டிருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது.

அதன் இடத்தில் வந்த புதிய பாய் 105 சதவீதம். பாய்மரத்தைத் தாண்டிச் சற்றுத்தான் நீளும். என் தோள்மூட்டு மருத்துவரின் ஆலோசனைப்படி எடுத்த முடிவு அது. பெரிய ஜெனோவாவை ஒவ்வொரு திருப்பத்திலும் இழுத்துச் சுற்ற இனி முடியாது. முன்விளிம்பு பத்தரை மீட்டர் என்று வைத்து முக்கோணக் கணக்குப் போட்டால், பழையது 29 சதுர மீட்டர், புதியது 19-க்குச் சற்று மேல். ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர் துணியை இழந்திருக்கிறேன். ஒரு சிறிய படுக்கையறையின் தரைப்பரப்பு.

பெரும்பாய் விஷயத்தில் நீங்கள் கவலைப்பட்டது சரியானது, அதை மறுக்க மாட்டேன். பெரும்பாயை அதன் உயரத்தையும் அடிநீளத்தையும் மட்டும் கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது வெறும் முக்கோணம். அதற்கு வெளியே பின்விளிம்பில் புடைத்து நிற்கும் துணி கணக்கில் வராது. தலையைக் கூராக விடாமல் அகலமாக வெட்டினால் மேலே, காற்று அதிகமாக உள்ள இடத்தில், இலவசத் துணி கிடைக்கிறது. என் புதிய பாயின் தலை 40 சென்டிமீட்டர். பழையதில் 10. பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் பின்கம்பி இடிக்காமல் இருக்கப் பாய்மர உச்சியில் ஒரு கண்ணாடிநார்த் தண்டு வைத்துக் கம்பியைத் தூக்கிவிட்டிருக்கிறேன். அந்தத் தண்டைத்தான் நீங்கள் எல்லோரும் கரையிலிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கால், அரை, முக்கால், எட்டில் ஏழு ஆகிய உயரங்களில் அகலம் எடுத்துப் பரப்பைக் கணக்கிட்டேன். பழையது 16.9 சதுர மீட்டர், புதியது 18.3. ஆக ஒன்றரைக்கும் குறைவான லாபம். அதற்கு மூன்று வினாடி குறைத்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். மடங்கும் புரொப்பெல்லர் போட்டபோது நானே அறிவித்தேன், நீங்கள் குறைத்தீர்கள், நான் கையெழுத்திட்டேன். நினைவிருக்கும்.

பத்தைக் கொடுத்து ஒன்றரையை வாங்கியவனிடம் ஒன்பது வினாடியை எடுத்திருக்கிறீர்கள். என் முறையீடு இதுதான்.

ஆனால் பரப்பு மட்டுமே வேகம் அல்ல என்று நீங்கள் சொல்வீர்கள், அதுவும் உண்மை. குறுகிய முன்பாயை உள்ளே இழுத்துக் கட்டலாம். படகு காற்றை நோக்கி இன்னும் நெருங்கி ஏறும். திரும்பும்போது துணி பாய்மரத்தைச் சுற்றி வர வேண்டியதில்லை. மூன்றே பேர் போதும். பதினைந்து நொட், அதாவது மணிக்குப் பதினைந்து கடல் மைல், வேகக் காற்றில் பெரிய ஜெனோவாக்காரர்கள் சாய்ந்து தத்தளிக்கும்போது நான் நிமிர்ந்து போவேன். ஜூன் மாதத்தின் அந்த இரண்டு புதன்களும் அப்படிப்பட்ட மாலைகள்தாம். என் பாய்க்கென்றே ஆர்டர் கொடுத்தது போன்ற காற்று. அந்த இரண்டு மாலைகளை வைத்துக்கொண்டு முழுப் பருவத்துக்கும் எண் போட்டதுதான் என்னால் ஏற்க முடியாதது. மாரியில் இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆண்டு மழையைக் கணித்தது மாதிரி.

ஆகஸ்ட் மாலை ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து மைல் ஓட்டம். ஏரிக்காற்றின் குணம் உங்களுக்குத் தெரியும். பகலில் சூடான தரை இழுத்துக் கொண்டுவரும் காற்று, வெயில் சாயச் சாய இறந்துபோகும். கடைசிச் சுற்று காற்றோடு போகும் திசை. மேடுகளின் மேல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. எங்களுடையது "வெள்ளைப் பாய்" பிரிவு; அது நிறத்தைச் சொல்வதல்ல, பலூன் மாதிரிப் புடைக்கும் ஸ்பின்னேக்கர் பாய்க்கு அதில் இடமில்லை என்பதுதான் பொருள். பெரிய ஜெனோவா உள்ளவர்கள் அதைத் தடி கொடுத்துப் பக்கவாட்டில் விரித்தார்கள். நானும் விரித்தேன். என் பாய் அவர்களுடையதற்குப் பக்கத்தில் கைக்குட்டை மாதிரித் தொங்கியது. என் மகள் படகின் முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு படகு தாண்டும்போதும் அதன் பெயரை மட்டும் வாசித்தாள், வேறு எதுவும் பேசவில்லை. ஐந்து பெயர்கள். எண்ணின் சலுகையைக் கழித்துத் திருத்திய நேரத்தில் எங்களை வென்ற படகுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் 31 வினாடி. ஐந்து மைலுக்கு நீங்கள் எடுத்தது 45 வினாடி. கழித்துப் பாருங்கள்.

மைலுக்கு இத்தனை வினாடி என்ற தூரக் கணக்கை விட்டு, ஓடிய நேரத்தை ஒரு காரணியால் பெருக்கும் நேரக் கணக்குக்குப் போனாலும் கதை மாறாது. 650-ஐ 550 கூட்டல் எண்ணால் வகுக்கும் அந்தப் பழகிய சூத்திரத்தில், ஒன்றே கால் மணி நேர ஓட்டத்தில் இந்த ஒன்பதின் விலை கிட்டத்தட்ட 49 வினாடி. காற்றில்லாத நாளில் ஓட்டம் நீண்டால் அதுவும் நீளும்.

உங்கள் பதில் கடிதத்தின் இரண்டாவது வரி என்னை இன்னும் உறுத்துகிறது: "இந்தப் படகு இப்போது நன்றாக ஓட்டப்படுகிறது." நன்றி. ஆனால் நல்ல ஓட்டத்துக்கு எண்ணைக் குறைப்பது இந்த முறையின் அடிப்படைக்கே விரோதம். பி.எச்.ஆர்.எஃப். மதிப்பிடுவது படகைத்தான். அடிப்பகுதி சுத்தமாக, பாய் நல்ல நிலையில், ஆட்கள் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள் என்ற அனுமானத்தோடுதான் எண்ணே பிறக்கிறது. புதிய பாய் வாங்கியவனைத் தண்டித்தால், கிழிந்த பாயோடு ஓடுபவருக்குப் பரிசு கொடுக்கிறோம் என்று பொருள். கறுப்புத் துணி என்பது உள்ளே ஒட்டிய நார்களின் நிறம். காற்றுக்கு நிறம் தெரியாது.

கூட்டத்தில் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார், உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாய் இரத்தத்தில் இருக்கிறது என்று. நான் வல்வெட்டித்துறைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் வரை வந்து சேர்ந்த கதையையும் நான்தான் ஒரு குளிர்கால விருந்தில் சொல்லியிருந்தேன். அந்தப் புகழில் எனக்கு ஒரு காசும் சேராது. சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் பெயரளவில் அறிந்தவன், பாய்க்கயிற்றை முதன்முதலில் கையில் பிடித்தது ரொறன்ரோவில், 41 வயதில். முன்னோருக்காக ஒன்பது வினாடி கட்ட எனக்கு விருப்பமில்லை.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தய வரலாறே சாட்சி. ஜெனோவா என்ற பெயர் எப்படி வந்தது? ஸ்வீடனின் ஸ்வென் சாலென் 1920-களில் இத்தாலியின் ஜெனோவாவில் நடந்த பந்தயத்தில், பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் முன்பாயை விரித்தார். அன்றைய விதி முன்பாயின் துணியை அளக்கவில்லை. பாய்மரத்துக்கும் முன்கம்பிக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தைத்தான் அளந்தது. தாண்டிய துணி அத்தனையும் இலவசம். விதி எதை அளக்காமல் விட்டதோ அங்கே பாய் வளர்ந்தது. அதற்குப் பிறகுதான் விதிக்காரர்கள் டேப்போடு ஓடினார்கள்.

இன்று அதே இடத்தில் நிற்பவை மூக்குத்தடியிலிருந்து, அதாவது படகின் முன்முனையில் நீட்டிய தடியிலிருந்து, விரியும் சுருள்பாய்கள். பெயர் சொல்ல மாட்டேன். நம் துறையில் மூன்று படகுகளில் இருக்கின்றன. ஸ்பின்னேக்கர் என்றால் பாதி உயரத்து அகலம் அடிநீளத்தில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. இவற்றின் வயிறு அதைவிட ஒடுக்கம். ஸ்பின்னேக்கரும் அல்ல, வழக்கமான முன்பாயும் அல்ல. ஐ.ஆர்.சி.யும் ஓ.ஆர்.சி.யும் இவற்றுக்குத் தனி வகையே வைத்து அளக்கின்றன. நம் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆகவே அந்த மூன்று படகுகளின் எண்ணும் மாறவில்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவார்கள்? மென்காற்றில் பக்கவாட்டு ஓட்டத்தில் அந்தப் பாய் விரியும்போது, அதைப் பார்க்க அழகாகவே இருக்கிறது. எண்ணைத்தான் பார்க்க முடியவில்லை.

இதில் என்னைவிட அதிகம் நட்டப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், அவர் மனு எழுதும் ரகம் அல்ல. துறையின் கடைசித் தளத்தில் நிற்கும் 30 அடிப் படகின் பெரியவர். எழுபது தாண்டியபின், பாயை இறக்கிக் கட்டப் படகின் அறைக்கூரைமேல் ஏற முடியாமல், பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் பெரும்பாய் போட்டார். சுருள வேண்டுமென்றால் அதில் குறுக்கு மட்டைகள் வைக்க முடியாது. மட்டை இல்லாவிட்டால் பின்விளிம்பு புடைக்காது, உள்ளே குழிந்துதான் இருக்கும். முக்கோணத்தைவிடக் குறைந்த பாய். அவருக்கு யாரும் ஒரு வினாடிகூடக் கூட்டிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பருவம் கடைசியாக வந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடிந்து அடுப்பை அணைக்கும் நேரத்தில் கயிறு கட்டிவிட்டுச் சிரித்தபடி நடந்து வருவார். சென்ற ஆண்டு பதிவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பாயைக் கூட்டியவனைப் பிடிக்க நமக்கு இருக்கும் ஆர்வம், குறைத்தவனைக் கவனிப்பதில் இல்லை.

நான் கேட்பது அதிகச் செலவுள்ள காரியம் அல்ல. ஏப்ரலில் படகுகளைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, கழகக் கூடத்தின் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அவரவர் பாயை அவரவர் கொண்டுவரட்டும். உலர்ந்த பாய், சமதரை, சுருக்கம் நீங்கும் அளவு இழுப்பு; அதற்குமேல் இழுக்கக் கூடாது. பெரும்பாயின் தலையைப் பின்மூலையோடு சேர்த்து மடித்தால் பின்விளிம்பின் பாதிப்புள்ளி கிடைக்கும். தலையை அந்தப் புள்ளியோடு மடித்தால் முக்கால். இன்னொரு மடிப்பு, எட்டில் ஏழு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முன்விளிம்புக்கு மிகக் குறுகிய தூரம். நான்கு பேர், பாய்க்கு இருபது நிமிடம். பாய் தைப்பவரின் அளவுச் சான்று இருந்தால் அதுகூட வேண்டாம். அளவுகளைச் சுவரில் ஒட்டுங்கள், எண்ணுக்குப் பக்கத்திலேயே. மாற்றம் எதுவானாலும் எதற்காக, எத்தனை வினாடி என்று எழுதுங்கள். கூட்டினாலும் சரி, குறைத்தாலும் சரி. பந்தய முடிவுகளைப் பார்த்துத் திருத்துவதென்றால் பருவம் முழுவதையும், மென்காற்று நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: என் எண்ணைத் தீர்மானித்த ஐவரில் இருவர் என் பிரிவிலேயே ஓடுகிறார்கள். அவர்களின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த முறை என் படகைப் பற்றிப் பேசும்போது அவர்கள் காப்பி குடிக்க வெளியே போயிருந்தால் அவர்களுக்கும் நல்லது.

எனக்கு 189 திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. அளந்து பார்த்து 186 என்றால் 186. 192 என்றாலும் மறுக்க மாட்டேன்.

மரக்கேடயம் இன்னும் என் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. 158 சதவீத ஜெனோவாவுக்கு அந்த ஆண்டில் எத்தனை வினாடி குறைத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் தொடரின் பன்னிரண்டு மாலைகளின் நேரங்களும் என்னிடம் இருக்கின்றன. மறுபடி கணக்கிட்டு, இரண்டாவதாக வந்தவர் என்னைத் தாண்டினால் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். பழைய பாயையும் தூக்கிப் போடவில்லை, பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் நீங்கள் நாள் குறித்தால் முதலில் விரிக்கும் பாய் அதுவாக இருக்கட்டும். டேப் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கழகத்தின் உறுப்பினர், 27 அடிப் படகுக்காரன்